மூன்று அம்மன்களும் ஒரு காப்பர்-டியும்

முல்லைக் கொடிகளின் நடுவே வாள் வெட்டைத் தன் திருமேனியில் ஏற்று, அந்தத் தழும்பைச் சந்தனத்தால் மூடிக்கொண்டு வீற்றிருக்கும் மாசிலாமணிப் பெருமானே, அருகில் நிற்கும் கொடியிடை அன்னையே! வயதில் மூத்தவன் எழுதக் கூசும் செய்தி ஒன்றை எழுதத் துணிந்தேன். கூச்சத்தால் பொய் கலவாமலும், துணிவால் எல்லை மீறாமலும் என் எழுத்தைக் காத்தருள்க.

1

இன்று சித்திரைச் சதயம். திருமுல்லைவாயிலில் பெருமானின் சந்தனக் காப்பைக் களைந்து, திருமேனியை உள்ளபடி காட்டும் நாள். கோயிலுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடியில் குடியிருக்கும் என் மூத்த மகள் வடிவு, வரிசையில் நின்றபடி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தைக் காட்டினாள். அங்கே கத்திரி வெயில். இங்கே, மெல்போர்ன் மாநகரின் மேற்குப் புறத்தில், இலையுதிர் காலம். கம்பளிக் குல்லாயின் மேல் திருநீறு பூசும் வித்தையை எட்டு ஆண்டுகளாகப் பழகியும் எனக்கு இன்னும் கைவரவில்லை.

இளைய மகள் கயலின் வீட்டில் நானும் என் மனைவி மரகதமும் இருக்கிறோம். காலைப் பாராயணத்தை நான் மோட்டார் கொட்டகையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் மாப்பிள்ளைக்கு அலுவலகக் கூட்டம் நடக்கும். மாடியில் பேத்தி நிலா பள்ளிக்குக் கிளம்புவாள். ஆகவே புல்வெட்டும் இயந்திரத்துக்கும் இரண்டு மிதிவண்டிகளுக்கும் இடையில் பலகை போட்டு அமர்ந்து பதிகம் ஓதுகிறேன். ஒன்பது வயது நிலா எட்டிப் பார்த்து, "தாத்தா, யூ சவுண்ட் லைக் எ பீ" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். தேனீபோல் ரீங்கரிக்கிறேனாம். நான் தமிழில் ஒன்று கேட்டால் அவள் ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுவாள். அதற்கு நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், என் உச்சரிப்பைத் திருத்துவாள்.

ஆவடிக் குடியிருப்பில் உடன் வாழ்ந்த நண்பர்களே, நம் ஆண்டு மலருக்குச் சென்ற முறை இந்நாட்டுக் கங்காருவைப் பற்றி எழுதினேன். இம்முறை காப்பர்-டி பற்றி எழுதுகிறேன். பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மரகதமே முன்வந்து, "என் பேர் போட்டே எழுதுங்க. என்னை மாதிரி அங்க எத்தனை பேர் மறந்துபோய் உக்காந்திருக்காங்களோ" என்று அனுமதி தந்திருக்கிறாள்.

2

பங்குனியில் ஒருநாள் ஈரப் புல்தரையில் மரகதம் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் வலி நிற்கவில்லை. குடும்ப மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். இளம் பெண் அவர். நோயாளியிடம் பேசும்போது கணினியைப் பார்க்காத நற்பழக்கம் உடையவர். படம் வந்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

நான் முப்பத்தோராண்டு படைத்தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வார்ப்புகளையும் பற்றவைப்புகளையும் எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, உள்ளே விரிசல் உண்டா, வேண்டாத பொருள் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. கண்ணும் பழக்கமும் என்னை விட்டுப் போகவில்லை. எலும்பு நன்றாக இருந்தது. ஆனால் இடுப்புக் கூட்டின் நடுவே, கூரிய விளிம்புகளோடு, வெண்மையாக ஒன்று. மருத்துவர் வாய் திறக்குமுன் நான் விரலை நீட்டிவிட்டேன்.

"டாக்டர்! ஃபாரின் மெட்டீரியல்!"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயலிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கயல் திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அம்மா, உனக்குக் காப்பர்-டி போட்டிருந்தாங்களா?"

"ஆமா," என்றாள் மரகதம் சாதாரணமாக. திரையை நோக்கிக் குனிந்தவள், "அட, அது இன்னுமா உள்ள இருக்கு?" என்றாள்.

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். "எப்போது?" என்று கேட்டேன்.

"கயலுக்குப் பத்து மாசம். உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியாது. அந்தக் கணம் வரை தெரியாது.

மருத்துவர் பொறுமையாக விளக்கியதைக் கயல் தமிழில் சொன்னாள். கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம் அது. செப்புக் கம்பி சுற்றியது. உள்ளே இருக்கும்வரை கருத்தரிக்காது. எடுத்துவிட்டால் பழையபடி கருத்தரிக்கலாம். இக்காலத்துச் செப்புச் சாதனங்களில் சில பத்தாண்டு வரை பயன்படும். மரகதத்துக்கு வைத்த பழைய வகை சில ஆண்டுகளுக்கு உரியது. மாதவிலக்கு நின்று வெகுகாலம் ஆன பின் அதற்கு அங்கே வேலை இல்லை. விட்டுவைத்தால் பின்னால் தொல்லை தரலாம். இடுப்பு வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் எடுத்துவிடுவோம்.

எடுப்பதற்கு மருத்துவமனையின் இணையப் படிவம் ஒன்று. சாதனத்தின் பெயர் என்ன? வைத்த தேதி என்ன? வைத்தவர் யார்? கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

"அம்மா, தேதி வேணுமாம்."

"புதன்கிழமை. உனக்கு அன்னிக்கு மாந்தம்."

"கிழமையைப் போட இடம் இல்லம்மா!"

இறுதியில் கயலின் பிறந்தநாளோடு பத்து மாதம் கூட்டி ஒரு தேதி போட்டார்கள். வைத்தவர் பெயர் என்னும் கட்டத்தில் 'நர்சம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள் என் மகள். கணினி அதை ஏற்றுக்கொண்டது.

வீடு திரும்பும் வழியில் தாயும் மகளும் முன் இருக்கைகளில். பின்னால் நான்.

"எனக்கும் நிலா பொறந்தப்புறம் போட்டதும்மா. இப்ப இருக்கறது ரெண்டாவது. எப்ப மாத்தணும்னு அவர் போன்ல குறிச்சு வெச்சிருக்கார்."

"மாப்பிள்ளையா? குறிச்சு வெச்சிருக்காரா?"

"ஆமா. மறந்துடுவேன்னு அவருக்குப் பயம்."

ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவு என்று பேசும் அதே குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் யூக்கலிப்டஸ் மரங்களை எண்ணத் தொடங்கினேன்.

3

அன்று மாலை மரகதம் நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னபடியே தருகிறேன்.

வடிவுக்கும் கயலுக்கும் ஒன்றரை வயதுதான் இடைவெளி. இரண்டாம் பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போய், மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த காலம் அது. குடியிருப்பு மருந்தகத்துக்கு வாரம் ஒருமுறை வந்த பெண் மருத்துவர், உடம்பு தேறுமுன் இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளிடம், மருந்தகத்தில் பெருக்கித் துடைத்த பட்டு ஆயா பேச்சுக் கொடுத்திருக்கிறாள். பட்டு ஆயாவை மறந்தவர் நம்மில் எவரும் இரார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த குரல் அது.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? ஆபரேசன்னா பயமா?"

"பண்ணிட்டா முடிஞ்சுபோச்சு இல்ல ஆயா? பின்னால ஒரு குழந்தை வேணும்னு தோணினா?"

"அதுக்கு இன்னாத்துக்கு ஆபரேசனு? காப்பர்-டி போட்டுக்கினு போ. ரெண்டு நிமிஷ வேலை. அப்பால புள்ள வேணும்னா வந்து சொல்லு, எட்த்துடுவாங்க. என் நாத்தனா எட்த்த மறுவருசமே ரெட்டப் புள்ள பெத்துகினா!" என்றவள், வாளியைத் தூக்கும்போது ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். "வூட்டுக்காரரு கைல மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு. பின்னாடி வந்து கூவப் போறாரு."

மரகதம் சொன்னாள். எப்போது சொன்னாள் என்பதில்தான் வினை.

பாராயணத்தில் அமர்ந்துவிட்டால் நான் இடையில் பேசமாட்டேன். பேசினால் பதிகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட நியமம். யாராவது ஏதாவது கேட்டால் ஓதுவதை நிறுத்தாமலே "ம்" என்பேன். பால்காரனை நாளைக்கு வரச் சொல்லவா? ம். வடிவுக்கு மொட்டை அடிக்க நாள் பார்க்கவா? ம். எதற்கும் மறுப்பு வராத நேரம் அது என்பதை மரகதம் கண்டுகொண்டாள். கேட்க வேண்டியதையெல்லாம் அந்த அரைமணிக்குச் சேர்த்து வைப்பாள். அப்படி ஒரு காலையில், வாசற்படியில் நின்று, "டாக்டரம்மா மூணு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம்னு சொல்றாங்க, காப்பர்-டி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ம்," என்றிருக்கிறேன்.

"தலையைக்கூட ஆட்டினீங்க," என்றாள்.

தலை பாட்டுக்கு ஆடியது.

அதன் பின் நெமிலிச்சேரியில் சொந்த வீடு கட்டிப் போனோம். அதைப் போட்டுவிட்டு, தேதி வைத்து நினைவூட்டிக்கொண்டிருந்த நர்சம்மா மாற்றலாகிப் போனார். தொல்லை எதுவும் இல்லை. பிறகு மாதவிலக்கும் நின்றது. சுவரில் அடித்த ஆணியைப்போல் அது இருப்பதையே மறந்துவிட்டாள்.

4

இனி என் பங்கு.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடும் நாளில், காலையில் மேலூரில் திருவுடை அம்மனையும், உச்சிப் பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடை அம்மனையும், மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது நம் பக்கத்து வழக்கம். கேட்டது கிடைக்கும் என்பார்கள். அந்தக் கூட்டு அரிதாகவே வரும் என்பதால், நான் பௌர்ணமிதோறும் சென்றேன். விடுப்பு எடுத்து, ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறி, சென்ட்ரலில் மாறி, வடக்கே போய், மாலையில் திரும்பி வந்து கொடியிடை நாயகியின் முன் நிற்பேன். நான்கு ஆண்டுகள் சென்றேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எவரிடமும் சொல்லவில்லை.

கேட்டது ஓர் ஆண் குழந்தை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எனக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியவள் மரகதம்.

எக்ஸ்ரே கண்ட நாள் முதல் இது என்னை அரித்தது. கணவன் அறியாமல் மனைவி செய்தாள் என்ற குறை எனக்கு எள்ளளவும் இல்லை. என் கலக்கமெல்லாம் கயலைப் பற்றியது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததால் நடந்த நடை அல்லவா அது? இன்று அவள் வீட்டில் உண்டு, அவள் வாங்கித் தந்த குல்லாயை அணிந்து, அவள் வண்டியில் அமர்ந்து போகிறேன். இது அவள் காதில் விழுந்தால்?

என் முகவாட்டத்தைக் கயல் வேறாகப் புரிந்துகொண்டாள். ஒருநாள் காபியை மேசையில் சற்று ஓசையோடு வைத்தாள்.

"அப்பா, அது அம்மா உடம்பு. அம்மா உயிர் பிழைக்கறதுக்குப் பண்ணினது. இதுல நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க ஒண்ணும் இல்ல."

"நான் அப்படி..."

"பாவம், அவங்க பயந்துட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மரகதம் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நேரே போய் நின்றேன். வாயில் கவ்விய கிளிப்போடு திரும்பினாள்.

"என்னங்க?"

"மரகதம், நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி போனேனே, எதற்கென்று தெரியுமா?"

கிளிப்பை எடுத்தாள். "சாமி கும்பிட."

"பையன் வேண்டும் என்று கேட்க."

"எங்க?"

"மூன்று கோயிலிலும்."

"நாலு வருஷமுமா?"

"நான்கு வருடமும்."

"எலுமிச்சம்பழ சாதம் கட்டிக் குடுத்தேனேய்யா!" என்றவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, துணிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள நான் தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கேன், நீங்க ஊரெல்லாம் சுத்திக் கதவைத் தட்டியிருக்கீங்க! அந்த அம்மனுங்க என்ன பாடுபட்டிருப்பாங்க!"

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்துச் சொன்னதைச் சிரிக்காமல் சொன்னாள்.

"மூணு பேர்கிட்டக் கேட்டீங்க. என்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா எடுத்திருப்பேனே. எடுக்கலாம்னுதானே ஆபரேஷன் வேண்டாம்னு அதைப் போட்டுக்கிட்டேன்."

கூடையிலிருந்து கொட்டிய துணிகளை நான் பொறுக்கத் தொடங்கினேன்.

"உடம்பு தேறினதும் எனக்கும் ஆசை இருந்துச்சு. பையன்னு இல்ல. இன்னொண்ணு. நீங்க வாயே திறக்கல. ரெண்டு போதும்னு இருக்கீங்கன்னு நானும் கேக்கல." எழுந்து அடுத்த துணியை உதறினாள். "சரி, போனது போச்சு. கயல்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னை நீங்க கோவிச்சுக்கிட்டதா நினைச்சு, அவ உங்களோட சண்டைக்கு நிக்கறா. அது நல்லால்ல."

5

எடுக்கும் நாளில் கயல் உள்ளே துணைக்குப் போனாள். நான் வெளியே அமர்ந்து, நினைவில் இருந்த பாட்டுகளையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தேன். பிடித்து இழுக்க வேண்டிய நூல் மேலே சென்றுவிட்டதால் சிறு கருவி கொண்டு எடுத்தார்களாம். நான் மூன்றாம் பதிகத்துக்கு வருமுன் மரகதம் நடந்து வந்துவிட்டாள்.

"காதுகுத்தற வலிகூட இல்ல. ஒரு சுருக்கு, அவ்வளவுதான்."

தாதி மூடிபோட்ட சிறு குப்பியில் அதைக் கொண்டுவந்து காட்டினார். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. செப்பு கறுத்திருந்தது. ஆயினும் சுற்று ஒன்றுகூடக் கலையவில்லை. விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன சார், பாஸா?" என்றாள் மரகதம்.

"பாஸ்," என்றேன்.

வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டாள். அதற்குத் தனிப் படிவம் உண்டு என்றார்கள். கயல் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம்மா, விட்டுடு" என்றாள்.

சிற்றுண்டிச்சாலையில் மூவரும் அமர்ந்தோம். மரகதம் மேசைக்கடியில் என் காலைத் தட்டினாள். நான் சொல்லிவிட்டேன். மேலூர், திருவொற்றியூர், முல்லைவாயில், நான்கு ஆண்டுகள், கேட்டது இன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை.

கயல் தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை ரயில்ல கூட்டிட்டுப் போவீங்களே. திருவொற்றியூர்ல தோள்ல தூக்கி வெச்சு அம்மனைக் காட்டுவீங்க. அதுவா?"

"அதுதான்."

பின்னிரண்டு ஆண்டுகளில் வடிவு பள்ளிக்குப் போய்விட, இவளைத் தோளில் ஏற்றிச் சென்றேன். இவளைச் சுமந்துகொண்டே இன்னொன்றைக் கேட்டேன். இதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். என் நினைவு அதைத் தொட அஞ்சியது.

"என் சின்ன வயசுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஞாபகம் அதுதான்பா. அக்காவை விட்டுட்டு என்னை மட்டும் கூட்டிட்டுப் போறீங்கன்னு. எனக்காகத்தான் போறீங்கன்னு நினைச்சேன்."

"பொய் சொல்ல மாட்டேன், கயல். கோயிலுக்குள் கேட்டது அது. ஆனால் வழி முழுதும் உன்னோடுதான் பேசிக்கொண்டு போனேன். கடைசிப் பௌர்ணமிகளில் நீ வருவாய் என்பதற்காகவே போனேன். கேட்க வேண்டியதையே இரண்டுமுறை மறந்து திரும்பினேன். நீ ஆறாம் வயதில் பள்ளிக்குப் போனதும் என் நடையும் நின்றுவிட்டது."

அவள் என்னை நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"மூணு நாள் கோவமா இருப்பேன்," என்றாள். "நடுவுல வந்து சமாதானம் பண்ணாதீங்க."

"சரி."

"அப்புறம், இதை உங்க மலர்ல எழுதுங்க. சும்மா கங்காரு, கங்காருன்னு."

6

முதல் நாள் அவள் என்னிடம் பேசவில்லை. இரண்டாம் நாள் நிலாவைத் தூது விட்டாள். "தாத்தா, மம்மி சேஸ் யுவர் டேப்லெட்" என்று இரத்த அழுத்த மாத்திரையை நீட்டிவிட்டு, "வாட் டிட் யூ டூ?" என்று ஆவலோடு கேட்டது குழந்தை. "நிறையக் கேட்டேன்," என்றேன். "கேக்கறது தப்பா?" என்றாள் தமிழில். எவரும் வற்புறுத்தாமல் அவள் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. கொண்டாடும் மனநிலையில்தான் நான் இல்லை.

மூன்றாம் நாள் காலை அடுக்களையிலிருந்து கயலின் குரல் கேட்டது. திருமுல்லைவாயிலில் இருக்கும் வடிவோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் சுவருக்கு இப்பால் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது. கதை முழுவதையும் சொல்லி முடித்ததும் அங்கிருந்து வடிவு கத்தினாள்.

"அடிப்பாவி! உன்னைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் போறார்னு நான் ஸ்கூல்ல உக்காந்து அழுதிருக்கேன்டி! கடைசில நீ சிபாரிசுக்குப் போயிருக்கே!"

"சிபாரிசும் எடுபடலக்கா."

"எப்படி எடுபடும்? உன் மூஞ்சியப் பாத்ததும் அம்மன், இதுக்கப்புறம் இன்னொண்ணு எதுக்கு, இதுவே நாலு புள்ளைக்குச் சமம்னு ஃபைலை மூடியிருக்கும்!"

கயல் சிரித்தாள். சிறு வயதில் வண்டியின் ஜன்னலோரம் சிரிப்பாளே, மூச்சுவிட மறந்து, அந்தச் சிரிப்பு. பின்னாலேயே வடிவின் சிரிப்பும், இரண்டையும் மிஞ்சி மரகதத்தின் சிரிப்பும் எழுந்தன. மூவரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சத்தத்தை நான் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அங்கதான் நிக்கறீங்கன்னு தெரியும்," என்று குரல் வந்தது. "தோசை ஆறுது. வாங்க."

இதைப் படிக்கும் நம் குடியிருப்புச் சகோதரிகளுக்கு மரகதத்தின் சொல்: முன்னாளில் போட்டுக்கொண்டது எப்போது என்று நினைவில்லாவிட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், வலிக்காது.

படித்தோர், படிக்கக் கேட்டோர், பாதியில் கூசிப் பக்கத்தைப் புரட்டினோர் அனைவர் இல்லத்திலும் மூன்று அன்னையரும் எழுந்தருளட்டும். பெற்ற மக்கள் எத்தனை பேராயினும் அத்தனை பேரும் உங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் காலைகள் பல வாய்க்கட்டும். நீடு வாழ்க.